விரற்கடை வெள்ளை

தடைக்காலத்தின் பதினேழாம் நாள்
உப்பனாற்றங்கரையில்
வள்ளத்தை ஏற்றிப் போட்டிருந்தார்கள்.
அணியம் கடலைப் பார்க்க
அமரம் ஐஸ் கம்பெனிச் சுவரைப் பார்க்க
ஒற்றைநாடியாய் நீண்டு கிடந்தது.

காலையில் தேசிங்கு வந்து
வாடைப்பக்கத்துக்கு முன்பணம் தந்தான்.
சாயங்காலம் அஞ்சாபுலி வந்து
சோழகப்பக்கத்துக்குத் தந்தான்.
மாமன் மச்சான்.
மாசிமகத்திலிருந்து பேச்சில்லை.
எஞ்சின் காசோ சீட்டுக் காசோ
நான் கேட்கவில்லை.
கேட்கிற பெயிண்டருக்குக் கூலி பாக்கி நிற்கும்.

முதுநகர்ச் சுவர்களில் சின்னம் வரைந்த கை இது.
சுண்ணாம்பு ஒரு பூச்சு அடித்தால்
போன தேர்தல் போய்விடும்.
பலகை அப்படி விடாது.
சுரண்டச் சுரண்ட
பச்சைக்குக் கீழே ஆரஞ்சு
ஆரஞ்சுக்குக் கீழே சாம்பல்
சாம்பலுக்குக் கீழே எவனோ
விரலால் தேய்த்த தார்.
நகக்கண்ணில் எல்லாம் ஏறிக்கொண்டது.
சோறு பிசையும்போது
எந்த வருஷத்தைத் தின்கிறேன் என்று தெரியவில்லை.

பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு,
பிரைமர் காய இரண்டு நாள்.
தேசிங்கு வாங்கி வந்தது மயில்கழுத்து நீலம்.
அஞ்சாபுலி கொண்டுவந்ததும் நீலம்தான்.
வேறு கடை, வேறு கம்பெனி,
பள்ளிக்கூடப் பாவாடை நீலம்.
ஒன்றாகவே வாங்கியிருக்கலாமே என்றேன்.
"பெயிண்ட அடிக்கச் சொன்னனா
வாயத் தொறக்கச் சொன்னனா?"
இருவரும்
வேறு வேறு நேரத்தில்
இதே வார்த்தை.

அடிப்பக்கம் யார் கணக்கு என்பதில்தான் சிக்கல்.
தண்ணீருக்கு மேலே தெரிகிறதுக்கு மட்டுமே
காசு வந்திருந்தது.
கொட்டலசு பாகம் பார்த்து ஒட்டவில்லை.
ஏராவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே அடர்த்தி, ஒரே பிடிவாதம்.
உளியால் பெயர்த்தேன்.
பண்ருட்டியிலிருந்து என் மச்சான் கொடுத்தனுப்பிய
முந்திரிக்கொட்டை எண்ணெய் ஒரு டின்
வீட்டில் சும்மா கிடந்தது, அதை அடித்தேன்.
கை பொரிந்தது.
நோட்டில் எழுதவில்லை.
எழுதினால் எவன் பேரில் எழுத?

அணியத்துக்கு வந்ததும் பிரஷ் நின்றுவிட்டது.
இரண்டு நீலமும் மூக்கோடு மூக்கு
முட்டுகிற இடம்.
மயிரிழை தாண்டினாலும்
பஞ்சாயத்து எனக்குத்தான்.
கருவாட்டுக் கூடையை இறக்காமலே
பார்த்துக்கொண்டு நின்றாள் அஞ்சலாட்சி.
ஒருத்தனுக்குப் பெண்டாட்டி,
ஒருத்தனுக்கு அக்கா.
"நடுவுல வெரக்கட வெள்ள வையி."
"யாரு கணக்கு?"
சுருக்குப்பையிலிருந்து எழுபது ரூபாய்.
"எங் கணக்கு."
அந்த வெள்ளைக்கு மட்டும் மூன்று பூச்சு.

பதிவு எண்
இரு பக்கமும் ஒரே எண்.
அதை மாற்றிப் போடு என்று
எவனும் சொல்லவில்லை.

பாக்கி தராமல் இருவரும் இழுத்ததில்
கடைசிப் பூச்சு முதல்நாள்தான் முடிந்தது.
தடை முடிகிற ராத்திரி தூறல் வேறு.
எட்டுப் பேர் தோள் கொடுத்தால்தான் நகரும்,
லைட் இல்லை,
யார் எந்தப் பக்கம் என்று யார் பார்த்தது?
ஏலேலோ சொல்லாமல்
வெறும் மூச்சோடு தள்ளினார்கள்.
வள்ளம் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

விடிந்தபோது டீக்கடையில்
தேசிங்கு தோளில் பாவாடை நீலம்.
அஞ்சாபுலி முதுகில் மயில்கழுத்து.
தின்னர் போட்டாலும் சட்டையை விட்டுப் போகாது.
அஞ்சலாட்சிதான் துவைக்க வேண்டும்,
ஒன்றை வீட்டிலும் ஒன்றைத் தம்பி வீட்டிலும்.
இருவரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

பலகையில் தோள் உரசிய இடம்
பக்கத்துக்கு ஒன்றாய்ச் சொட்டையாகத் தெரிகிறது.
ஞாயிற்றுக்கிழமை ஒத்தி எடுக்க வேண்டும்.
டின்னில் அடிவண்டல்தான் மிச்சம்,
இரண்டையும் ஒரே டப்பாவில்
கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
இது எந்தப் பக்கத்து நீலம் என்று கேட்டால்
இனிமேல்தான்
ஒரு பொய் யோசிக்க வேண்டும்.